இசைத்தட்டுக்கு வந்த சாமிகள்

என் மகன் பாடுவதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. அதைப் பாட்டு என்று சொல்லவே எனக்கு வாய் வராது. மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து கத்துவான். கூட மூன்று பையன்கள், கிதாரும் டிரம்ஸுமாக. மெட்டல் என்பான், ஹார்ட்கோர் என்பான். கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறையில், சத்தம் வெளியே போகாமல் ஜன்னலை அடைத்து, சுவரெல்லாம் பழைய மெத்தையைக் கட்டிவைத்து, லீவு நாட்களில் வாசிப்பார்கள். மற்ற நாளில் அதே அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை. மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் அந்த வேலையை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

போன கார்த்திகையில் பெங்களூரிலிருந்து நாலு பையன்கள் வருவதாகச் சொன்னான். அவர்களும் இப்படி ஒரு குழுதான். இரண்டு குழுவும் சேர்ந்து ஒரே இசைத்தட்டு போடப் போகிறார்களாம்.

"ஒரு பக்கம் எங்க பாட்டு, மறுபக்கம் அவங்க பாட்டும்மா. தனித்தனியாப் போட்டா யாருக்கும் கட்டுப்படியாகாது. கடைசிப் பாட்டு மட்டும் ரெண்டு குழுவும் சேந்து. அதுக்குத்தான் வர்றாங்க."

"எல்லாரும் சேந்து கத்துவீங்களா?"

"ஆமா. மெத்தை பத்தாது."

கொட்டுகிற மழையில் வந்து இறங்கினார்கள். நாலு பேருக்கும் கருப்புச் சட்டை, தாடி, தோள் வரைக்கும் முடி. அவர்களில் பாடுகிற பையன் கழுத்தில் ஒரு மணிமாலை. பெரிய பெரிய பூட்ஸைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். நான் கோழிக் குழம்பு வைத்துப் போட்டேன். பேச்செல்லாம் அவ்வளவு மெதுவாக இருந்தது. இவர்களா கத்துகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பையன்கள் டீ டம்ளரோடு வெறுங்காலில் தெருவில் நின்றார்கள். எதிர்வீட்டு அக்கா வாசல் பெருக்க வந்தார். ரிடையர்டான ஹெட்மாஸ்டர் சாரின் மனைவி. தெருவில் நான் நின்று பேசுகிற ஒரே ஆள் அவர்தான். பையன்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"யாரு இவங்கல்லாம்? கருப்புச் சட்டையும் தாடியுமா இருக்காங்க. சபரிமலைக்கு மாலை போட்டவங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பின்னே யார் என்று கேட்பார். பாடுகிறவர்கள் என்றால் என்ன பாட்டு என்பார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அவர்கள் முன்னால் போய்க் கும்பிட்டார்.

"சாருக்கு நெஞ்சு ஆபரேஷன் பண்ணப்ப வேண்டிக்கிட்டேன் சாமி. நல்லபடியா வீடு திரும்புனா மாலை போட்டவங்களுக்கு என் கையால ஆக்கிப் போடுறேன்னு. இந்த மழையில ஒருத்தரும் வரல. நீங்களா வந்து நிக்கிறீங்க. மத்தியானம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும் சாமி."

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளைக்கூடச் செல்லமாகச் சாமி என்று கூப்பிடுவோம். மணிமாலைப் பையன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான் போல. குனிந்து கும்பிட்டு, "கண்டிப்பா வர்றோம்மா" என்றான். அக்கா போனதும், கீழே இறங்கி வந்த என் மகனிடம், "ப்ரோ, உங்க தெரு செம்ம தெரு" என்றான்.

அக்கா கடைசியாகச் சொன்னதை என் மகன் கேட்டிருந்தான். என்னைப் பார்த்தான்.

"ம்மா, எதிர்வீட்டுப் பெரியம்மாகிட்ட என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"பின்ன இவனுங்க எப்படிச் சாமியானானுங்க?"

"தலையாட்டுனேன்."

அவன் விளக்கிச் சொன்னதும் ஒரு பையன் வாய்விட்டுச் சிரித்தான். "ஆன்ட்டி, நேத்து அந்தக் கோழியில பாதி நான்தான் சாப்பிட்டேன்." மணிமாலைப் பையன் மாலையைத் தொட்டுப் பார்த்து, "இது கோவா பீச்சுல வாங்குனது" என்றான்.

"சிரிக்காதீங்கடா. காலைக் கழுவி விட்டு விழுந்து கும்பிடுவாங்க" என்றான் என் மகன்.

மணிமாலைப் பையன் சட்டென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "ஐயோ, எங்கம்மாவை விடப் பெரியவங்க ப்ரோ."

என் மகன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் என்ன பண்றேன்னு சொல்ல உனக்கு அவ்வளவு அசிங்கமாம்மா?" என்று கேட்டான், வந்தவர்களை வைத்துக்கொண்டே. நான் காலி டம்ளர்களை வாங்கி அடுக்கினேன். "நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றான்.

"வேணாம். நானே போறேன்."

உடனே போகவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். சாம்பார் கொதிக்கிற வாசனை தெருவைத் தாண்டி வந்தது. தாமதிக்கத் தாமதிக்க அங்கே ஒவ்வொரு பதார்த்தமாக வெந்துகொண்டிருந்தது. அதை யோசித்ததும் ஓடினேன்.

அக்கா வீட்டு வாசலில் தாம்பாளமும் பித்தளைச் செம்பில் தண்ணீரும் வைத்திருந்தது. கால் கழுவ. அதைத் தாண்டி உள்ளே போகக் கூசியது. அங்கேயே நின்றேன்.

"வா வா. சாமிங்க குளிச்சாச்சா?" அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"அக்கா, அவங்க மாலை போடல."

"என்னது?"

"நேத்து எங்க வீட்ல கோழி சாப்பிட்டாங்க. நான்தான் வச்சுக் குடுத்தேன். பெங்களூர்ப் பசங்க. என் புள்ளையோட சேந்து கத்த வந்திருக்காங்க."

அக்கா கரண்டியைத் திண்ணையில் வைத்தார்.

"உன் புள்ள கத்துறது எனக்குத் தெரியாதா? சார் ஆஸ்பத்திரியிலேந்து வந்ததுலேந்து, மாடிக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்து கேட்டுட்டுத்தான் போவான். பெரியப்பா தூங்குறாங்களா, இப்ப வாசிக்கலாமான்னு. நீயா இதை மறைக்கிற?"

எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

"பாட்டுக்காரப் பசங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னொரு நாள் அவங்களுக்கும் ஆக்கிப் போட்டிருப்பேன். இது நேந்துக்கிட்ட சோறு. யாருக்குக் குடுக்கிறது இதை? சாமி விஷயத்துல நீ தலையாட்டுனா நம்ப மாட்டேனா நான்? உன்னை நம்புனேனே."

"விடு. கோயிலாண்ட கொண்டு போய்க் குடுத்துட்டு வருவோம்" என்றார் சார், நாற்காலியிலிருந்து.

"மன்னிச்சுக்குங்கக்கா."

"சரி, போ."

செம்புத் தண்ணீரை எடுத்து வாழை மரத்தடியில் ஊற்றினார். பித்தளையைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்கும் வரைக்கும் நான் நின்றிருந்தேன்.

இசைத்தட்டு பங்குனியில் வந்தது. ஒன்றை என் மகனே எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். "போட்டுக் கேக்க அவங்ககிட்ட மெஷின் இல்ல. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எந்தப் பக்கம் நீ, எந்தப் பக்கம் அந்தப் பசங்கன்னு கேட்டாங்க" என்றான். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அவனிடம் நான் கேட்கவில்லை. அக்கா என்னோடு பேசாமல் இல்லை. எதிரே பார்த்தால் சாப்பிட்டியா என்பார். அதோடு சரி.

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா கூடையை எதிர்வீட்டு வாசலில் இறக்கினாள். நானும் சட்டியோடு போனேன். மாடியில் அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"யாரும்மா மேல இப்படிக் கத்துறது? யாரையாச்சும் அடிக்கிறாங்களா?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"என் மகன்தான். பாடுறான். இசைத்தட்டுகூடப் போட்டிருக்கான்."

"இதுக்கா? தொண்டை கிழிஞ்சிடப் போவுது. சுக்குத் தண்ணி வச்சுக் குடு."

எதிர்வீட்டு அக்கா மத்தி மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். நிமிரவில்லை. மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.