லண்டனில் வாழாத பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா காலமான செய்தி வேலையிடத்துத் தொலைபேசியில் வந்தது. அன்று அழத்தான் முடிந்தது. கோபம் மறுநாள் வந்தது, தமிழ்க் கடையில் எடுத்த இலவசப் பத்திரிகையில் மரண அறிவித்தலைப் பார்த்தபோது. “மன்னாரைப் பிறப்பிடமாகவும், லண்டனை முன்னாள் வதிவிடமாகவும், ஸ்காபரோ மல்வேர்னைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட...” என்று போட்டிருந்தார்கள். அக்கா லண்டனில் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. விமானம் ஏற மட்டும் போயிருப்பார்.

அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது வேல்ஸ் நாட்டில், லான்மெரின் என்ற சின்னஞ்சிறு சந்தை ஊரில். அங்கே தாதியாக இருந்தார். ஓய்வு நேரமெல்லாம் அந்த ஊரின் வரலாற்றைத் தேடி ஒரு புத்தகமே எழுதினார். அந்த ஊரார் அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். நம்மவரில் அதை ஒருவராவது கையில் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இங்கே கனடாவில், ஸ்காபரோ முதியோர் இல்லமொன்றில் அவருடன் வேலைக்குச் சேர்ந்தேன். நான் அகதியாக வந்து கொஞ்சக் காலம்தான். தேநீர் நேரத்தில் அக்கா லான்மெரினைப் பற்றிச் சொல்லுவார்.

“அது இங்கிலாந்து ராசா கோட்டை கட்டிப் பிடிச்ச ஊர். வெளியில இருந்து ஆக்களைக் கொண்டுவந்து குடியேத்தினவங்கள். அந்த மண்ணின்ர சனம் பகலில வந்து முட்டையும் வெண்ணெயும் விக்கலாம். பொழுதுபட முதல் மதிலுக்கு வெளியில போயிடவேணும்.”

“பிறகு என்னக்கா நடந்தது?”

“என்ன நடக்கிறது? சந்தைக்கு வந்து வந்தே ஊரைத் திரும்பப் பிடிச்சிட்டுதுகள்.” சொல்லிவிட்டு அடக்கமாகச் சிரித்தார். எனக்கு எங்கள் ஊர்களில் நடந்த குடியேற்றம்தான் கண்ணில் நின்றது.

இதைப் பத்துப் பேருக்குச் சொல்லவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அக்கா ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் பேச நேரம் கேட்டார். செயலாளர் சொன்ன பதில் இன்னும் காதில் கிடக்கிறது: “அன்ரி, எங்கட ஊரே எரியுது. உங்களுக்கு வெள்ளைக்காரன்ர சந்தைக்கதை கேக்குதோ?”

“அதுக்காகத்தான் தம்பி கேக்கிறன்,” என்றார் அக்கா.

நேரம் கொடுத்தார்கள், சாப்பாடு திறந்த பிறகு. கொத்துரொட்டிக்கு வரிசை நீள, அக்கா வெறும் கதிரைகளுக்கு முன்னால் நின்று, ஒரு சொல்லும் குறைக்காமல் பேசி முடித்தார். இறங்கி வந்து, “பரவாயில்லை, லான்மெரினிலயும் முதல்முறை ரெண்டு பேர்தான் வந்தவை,” என்றார். அவருக்குப் பரவாயில்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அறிவித்தலைப் பார்த்த அன்றே, அக்கா கடைசிவரை இருந்த அவருடைய தம்பியின் வீட்டுக்குப் போனேன். ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“தங்கச்சி, தமிழ்ச்சனமே இல்லாத ஊர் உது. கலியாணமும் கட்டாமல் தனிய அங்க என்ன செய்தவ எண்டு சனம் கேக்கும். லண்டன் எண்டால் ஒருத்தரும் கேளாயினம்.”

என்ன செய்தாரா? நோயாளிகளின் புண் கழுவினார். உங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தார். ஊரார் மறந்த அவர்களுடைய கதையைத் தேடி அவர்களிடமே கொடுத்தார். இதில் மறைக்க என்ன இருக்கிறது? செத்தவீடு என்று வாயை அடக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், அக்கா எப்போதோ தந்திருந்த எண்ணில், லான்மெரினில் அவரோடு வேலை செய்த தாதிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அடக்கத்துக்கு முதல்நாள் அவர் திரும்ப எடுத்தார். அன்று அங்கே சந்தை நாளாம். வியாபாரிகள் எல்லோரும் விற்பனையை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, மழையில் பேசாமல் நின்றார்களாம்.

அடக்கம் முடிந்து மற்றவர்கள் காருக்குத் திரும்பியபோது, குழியடியில் நின்ற தம்பியாரிடம் இதைச் சொன்னேன். குத்திக் காட்டத்தான் சொன்னேன், மறைக்கவில்லை.

“அவ்வளவு பேருக்கு அக்காவைத் தெரியுமோ?”

“நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையோ அண்ணை?”

அவர் மண்ணைப் பார்த்தபடி, “அந்த ஊருக்கு என்ன பேர்?” என்றார்.

ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்த மனிதர். சொன்னேன். பிழையாகச் சொல்லிப் பார்த்தார். விடாமல் திருத்தினேன். குழியருகில் நின்று, அழுதுகொண்டு, மூன்றாம் தடவை சரியாகச் சொன்னார்.

உங்களுக்குக் கேட்டிருக்கும் அக்கா. இனி உறங்குங்கள்.