மெழுகுவத்தி பிடித்த அமெரிக்காக்காரி

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சாயங்காலம் முழுக்க நான் அமெரிக்காக்காரியாக இருந்தேன். சமூக அறிவியல் டீச்சர் ஆண்டு விழாவுக்கு எழுதிய நாடகம் அது. நூறு வருடத்துக்கு முன்னால் அந்த நாட்டுப் பெண்கள் சாராயக் கடைகளை மூடச் சொல்லி ஊர்வலம் போன கதை. அதில் ஒரு கறுப்பினப் பெண் வருவாள். எல்லாரோடும் சேர்ந்து போராடுவாள். ஊர்வலம் கிளம்பும்போது மட்டும் அவளைப் பின்னால் நிறுத்திவிடுவார்கள். அந்த வேடம் எனக்கு. “உனக்கு மை பூசற வேலை மிச்சம்” என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். வெள்ளைக்காரிகளுக்குத்தான் பவுடர் டப்பா டப்பாவாகக் காலியானது.

டீச்சருக்கு அந்தக் கதை சும்மா ஞாபகம் வரவில்லை. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்த வருடம்தான், முந்திரிக்காட்டு ஓரத்து மதுக்கடையைப் பெண்கள் மூட வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மூடிய கடைகளைப் பிற்பாடு திறந்துவிட்டார்கள் என்பதை டீச்சர் நாடகத்தில் சேர்க்கவில்லை. எங்கள் ஊர்க் கடையும் அப்போது மெயின் ரோட்டில் இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

கடை வாசலில் முதலில் போய் உட்கார்ந்தவள் என் அம்மா. அப்பாவின் கூலி அங்கேதான் கரைந்துகொண்டிருந்தது. எங்கள் காலனிப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பிறகு ஊர்த்தெருப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரே தார்ப்பாய் நிழல், ஒரே குடத்துத் தண்ணீர். ஊர்த்தெருவில் ரைஸ்மில் வைத்திருந்த வீட்டு அம்மா, என் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கியதை நானே பார்த்தேன். அம்மா அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

“இந்த வருசம் நம்மளும் கோயிலுக்குள்ள போயி மாவிளக்கு போடப்போறோம் பாரு” என்று வீட்டில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடை மூடியதைவிட அதில்தான் அவளுக்குச் சந்தோஷம் என்று எனக்குத் தோன்றியது.

கடை மூடியதற்கு மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தார்கள். எல்லாரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். கோயில் தெரு முனை வந்ததும் மில் வீட்டு அம்மா திரும்பி, அம்மாவின் கையைப் பிடித்து, பிரியமாகத்தான் சொன்னார்: “நீங்கல்லாம் இங்கனயே நில்லுங்க. பூசை முடிஞ்சதும் திருநீறு குடுத்தனுப்பறேன்.”

அம்மாவின் முகம் மாறவில்லை. விளக்கு அணையாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு, அரை அடி பின்னால் நகர்ந்தாள். “போயிட்டு வாங்கம்மா, நாங்க நிக்கிறோம்” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

நாடக ஒத்திகையில் டீச்சர், “பின்னால போகச் சொன்னதும் நீ அழணும்” என்றார். எனக்கு அழுகை வரவில்லை.

“அப்ப யாரும் அழமாட்டாங்க டீச்சர்” என்றேன்.

டீச்சர், “சரி, உனக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணு” என்று சொல்லிவிட்டார்.

விழா அன்று போராட்டத் தலைவியாக வந்தவள் மில் வீட்டு அம்மாவின் மகள். ஜன்னல் திரைத் துணியில் தைத்த நீளக் கவுன் போட்டிருந்தாள். “நீ முன்னால் நடந்தால் மற்றவர்கள் எங்களோடு வரமாட்டார்கள். பின்னால் போ” என்று தப்பில்லாமல் ஒப்பித்தாள். என் கையில் மெழுகுவத்தி இருந்தது. இடது கையால் சுடரை மறைத்துக்கொண்டு அரை அடி நகர்ந்தேன்.

“போயிட்டு வாங்கம்மா, நாங்க நிக்கிறோம்.”

அது டீச்சர் எழுதிய வசனம் இல்லை. கைதட்டல் வரவில்லை. முன்வரிசை நாற்காலியில் மில் வீட்டு அம்மா குனிந்து தரையில் எதையோ தேடினார். எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்த மணல் பக்கமும் சத்தமே இல்லை. நாடகத்தைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்துபோனேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பார்த்தால் அம்மா அழுதுகொண்டே வந்தாள். கோயில் முனையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், யாரோ ஒரு அமெரிக்காக்காரிக்காக அழுகிறாள். அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“அந்தப் பொண்ணு எந்த ஊருன்னு சொன்ன?” என்று அம்மா கேட்டாள்.

“அமெரிக்காம்மா.”

“அங்கயுமா” என்றாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “அதெல்லாம் எப்பவோ நடந்தது. இப்ப அப்படியெல்லாம் கெடையாது, அழுவாதம்மா” என்று தேற்றினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். கோயில் தெரு முனை வந்தது. நேரே போனால் வீடு பக்கம்தான். நாங்கள் வழக்கம்போல் வரப்பில் இறங்கி, வயலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.