எங்கை போறியள் எண்டு கேட்ட பாவம்

எனக்கு வாயில்லையோ? பிக்கரிங் வீட்டுச் சோபாவிலை சாய்ஞ்சுகொண்டு இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதின அண்ணை, நீங்கள் அந்த வான் பயணத்துக்கு வரவேயில்லை. உங்கட அப்பாவை நான் பாலைவனத்திலை விட்டிட்டு வந்தனாம், எங்கை போறியள் எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லையாம். அந்தக் கடிதத்தைப் பாத்திட்டு முதலாளி அடுத்த பயணத்திலை இருந்து என்ரை பேரை வெட்டிப்போட்டார். படிச்சுக்கொண்டு வேலை செய்யிறவை, சனத்தோட மாரடிச்சவை, ஆரும் இதை வாசிச்சால் நியாயத்தைச் சொல்லுங்கோ. சுற்றுலா வானுக்கு உதவியாளாப் போறது எண்டால், மற்றவை மலையைப் பாக்க, நாங்கள் மற்றவையைப் பாக்கிற வேலை.

வெளிக்கிட்ட காலமை

எங்கட ஊர்க் கடைத்தொகுதி வெக்ஸ்போர்ட் பிளாசா பார்க்கிங்கிலை பன்னிரண்டு பேரும் ஏறியாச்சு. றைவர் ராசன் அண்ணை வானை ஸ்ராட் பண்ணேக்கை கந்தையா அங்கிள், அதுதான் கடிதக்கார அண்ணையின்ரை அப்பா, கதவைத் திறந்து இறங்கினார். "எங்கை அங்கிள் போறியள்?" எண்டு கேட்டிட்டன். கோப்பிக் கடைக்குத்தான் வெளிக்கிட்டவராம். மனிசன் திரும்பி வந்து இருந்து, தண்ணி வாங்கிக் குடிச்சு, சகுனம் கழியட்டும் எண்டு கால் மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வானுக்குள்ளை இருந்த எல்லாரும் என்னை முறைச்சினம். கண்ணைத் திறந்தோடனை சொன்னார்:

"பிள்ளை, வெளிக்கிடுற மனிசனை எங்கை எண்டு கேட்டால் போற காரியம் உருப்படாது. இனி என்னட்டை அந்தக் கேள்வி கேக்கப்படாது."

சிவத்தக் கல்லு

எல்லை தாண்டி மூண்டு நாள் ஓடி யூற்றாவுக்குள்ளை போனம். றோட்டுக்கு ரெண்டு பக்கமும் தணல் மாதிரிச் சிவத்த மலை. ஓரிடத்திலை பெரிய கல்லு வளைவு ஒண்டு, அதுக்குள்ளாலை வானம் தெரியுது. எங்கட ஆக்கள் சீலை மாத்திக்கொண்டு இறங்கி, கல்லுக்கு முதுகைக் காட்டி வரிசையா நிண்டு, வீடியோவுக்குக் கை ஆட்டிப்போட்டு அஞ்சு நிமிசத்திலை வானுக்குள்ளை. ஒருக்காத் திரும்பிப் பாருங்கோவன் எண்டு சண்டைக்குப் போனன். பயணத்துக்கு வந்த புஷ்பம் அன்ரி சொன்னா:

"கல்லு வீடியோவிலை நிக்கும் பிள்ளை. நீ பிளாஸ்க்கை எடு, தேத்தண்ணி ஆறப்போகுது."

மோட்டல்

அண்டைக்குப் பின்னேரம் அன்ரி மோட்டல் அறையிலை செத்தல் மிளகாய் தாளிச்சா. நெருப்பு மணி அடிச்சு, குளிச்சுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் எல்லாம் துவாயோட முற்றத்திலை. மன்னிப்புக் கேட்டது நான். அன்ரி கேட்டது வேறை:

"உவையள் ஒருநாளும் சமைக்கிறேல்லையோ?"

ஒரு தலை குறைஞ்சது

அரிசோனாவிலை பள்ளத்தாக்குப் பாக்கிற இடம். மத்தியான வெய்யில். எல்லாரும் வீடியோவுக்கு நிக்கேக்கை அங்கிள் மட்டும் தண்ணிப் போத்திலோட ஒரு பாறைக்குப் பின்னாலை நடந்தார். நான் கண்டன். நுனி நாக்குவரை கேள்வி வந்தது. வெக்ஸ்போர்ட் ஞாபகத்திலை விழுங்கிப்போட்டன்.

வெளிக்கிடேக்கை எண்ணினால் பதினொண்டு. "அவர் பின்னுக்குப் படுத்திட்டார், எழுப்பாதை" எண்டா புஷ்பம் அன்ரி. பின் சீற்றிலை அவரின்ரை கோட்டு குவிஞ்சு கிடந்தது. எழும்பிப் போய்ப் பாக்காதது என்ரை பிழை, அதை நான் ஒருநாளும் மறுக்கேல்லை. இருபது மைல் தாண்டித்தான் கோட்டுக்குள்ளை ஆளில்லை எண்டு தெரிஞ்சது.

அந்த இருபது மைலும் திரும்பி ஓடினம். அங்கிள் பாறை நிழலிலை, வெறும் போத்திலை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தார். உதடு வெடிச்சிருந்தது. ஏசியிருந்தால் நானும் திருப்பிக் குடுத்திருப்பன். மெல்லமாத்தான் சொன்னார்:

"நான் போனதை நீ கண்டனீதானே பிள்ளை. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

கேட்டாலும் பிழை, கேக்காட்டிலும் பிழை. அந்தப் பயணத்திலை ஒருதரிட்டையும் பேச்சு வாங்காமல் நிண்டது கல்லு மட்டும்தான். கந்தையா அங்கிள், மகனை விடுங்கோ, அவர் எழுதின அதே பக்கத்திலை நீங்களே உங்கட கையாலை எழுதுங்கோ: கேக்கப்படாது எண்டு வெக்ஸ்போர்ட்டிலை எனக்குச் சொன்னது நீங்களோ, இல்லையோ?