லேயர் இல்லாதவள்

கடிதம் ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. கீழே புள்ளிக்கோட்டின் மேல் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் அவள் வேலை.

‘என் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் உள்ள படங்களை ஏஐ மூலம் உருவாக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மன்னிக்கவும்.’

மூன்று வருடப் படிப்பை இரண்டு வரியில் மடித்து வைத்துவிட்டார்கள்.

“போட்டுடும்மா” என்றார் மேடம். கிராஃபிக் டிசைன் துறையின் தலைவி அவர். கெட்டவர் இல்லை, மாணவர்கள் பட்டினியாக வந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து கேன்டீனுக்குத் துரத்துகிறவர். “போட்டா பாஸ் மார்க் போட்டு அனுப்பிடுறேன். போடலேன்னா பூஜ்யம். அடுத்த வருஷம் திரும்ப வந்து முதல்லேர்ந்து பண்ணணும்.”

“நான் வரைஞ்சது மேடம்.”

“ஏஐ படத்தைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் தொண்ணூத்தோரு சதவீதம் மெஷின்னு சொல்லுதே.”

“சொல்றதும் மெஷின்தானே மேடம்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியால் துடைத்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். “சரி, சாஃப்ட்வேரை விடு. லேயர் ஃபைலைக் காட்டு. காட்டினா இந்தக் கடிதத்தை உன் கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போடுறேன்.”

அவளிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

கணினியில் படம் வரைகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே பரப்பில் வரைய மாட்டார்கள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல் உடம்பு ஒரு தாளில், உடை ஒரு தாளில், நிழல் ஒரு தாளில் என்று வரைந்துகொண்டே போவார்கள். அந்தத் தாளுக்குத்தான் லேயர் என்று பெயர். ஒரு நல்ல மாணவரின் கோப்பில் முப்பது, நாற்பது லேயர் இருக்கும். ஏஐ கொடுக்கும் படமோ ஒரே பரப்பாக வந்து விழும். அதனால் கல்லூரி ஒரு சட்டம் போட்டது: லேயர் இருந்தால் மனிதர் வரைந்தது, இல்லையென்றால் மெஷின் வரைந்தது.

சட்டம் போட்டவர்கள் அவளுடைய லேப்டாப்பைப் பார்த்ததில்லை. மாமாவின் அலுவலகத்தில் கழித்துக் கட்டியதை அவர் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தது அது. ஆறு லேயருக்கு மேல் போனால் விசிறி ஓலமிடும், திரை விறைத்துப்போகும், அன்றைய வேலை அத்தனையும் காற்றோடு போகும். இரண்டு முறை அப்படிப் போனபின் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு லேயர் வரைவாள், ஒன்றாக ஒட்டுவாள். இன்னொன்று வரைவாள், அதையும் ஒட்டுவாள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒட்டியபின் பிரிக்க முடியாது, தப்பைத் திருத்த முடியாது. அதனால் தப்பில்லாமல் வரையக் கற்றுக்கொண்டாள். கல்லூரி லேபில் நல்ல கணினியில் உட்கார்ந்தாலும் கை தானாகவே ஒட்டிவிடும். வகுப்பில் எல்லோரும் அவளை ‘ஒத்தை லேயர்’ என்றே கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

இப்போது அந்தச் சிரிப்புக்கு விலை கேட்கிறார்கள்.

“வெள்ளிக்கிழமை கமிட்டி. வெளியிலேர்ந்து எக்ஸாமினர் வர்றார். அதுக்குள்ள யோசிச்சுக்கோ” என்றார் மேடம். அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். மேடம் நீட்டிய பேனாவை வாங்கவில்லை.

அவளுடைய அம்மா ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணியாளர். ‘உங்களுக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் வழி தவறுகிறவர்களுக்கு உதவுங்கள்’ என்று வகுப்பில் ப்ராஜெக்ட் கொடுத்தபோது மற்றவர்கள் விமான நிலையத்துக்கும் வணிக வளாகத்துக்கும் ஓடினார்கள். அவள் அம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் மாடி நடைவழியின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வலியில் இருப்பவர்கள் பலகையைப் படிப்பதில்லை. ‘கதிரியக்கவியல் துறை’ என்ற பெரிய எழுத்துக்குக் கீழேயே நின்று, “எக்ஸ்ரே எங்கம்மா?” என்று அவள் அம்மாவிடம் கேட்டார்கள். அதனால் அவள் எழுத்தைக் குறைத்து மனிதர்களை வரைந்தாள். பிரசவ வார்டுக்கு, இடுப்பில் கையை ஊன்றி நிற்கும் ஒரு பெண். கண் பிரிவுக்கு, இன்னொருவர் தோளைப் பிடித்து நடக்கும் ஒருவர். அவசர சிகிச்சைக்கு, அப்பாவை முதுகில் சுமந்து ஓடி வரும் ஒரு மகள். அந்த மகளை அம்மா உண்மையிலேயே பார்த்திருந்தாள். வாசலில் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டதே அம்மாதான்.

அன்று சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து, காலை வெந்நீரில் வைத்தபடி கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“கையெழுத்துதானே பாப்பா. போட்டுட்டு வந்துடு. பேப்பர்ல இருக்கிறதை யாரு எடுத்துப் பார்க்கப் போறா.”

“செய்யாததைச் செஞ்சேன்னு எப்படிம்மா போடுறது?”

“நான் போட்டிருக்கேன்.”

அவள் நிமிர்ந்தாள். அம்மா இதுவரை சொல்லாத கதை அது.

“ஏதோ ஒரு மெஷின், ரத்தம் சோதிக்கிறது. கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு. நான் அந்தப் பக்கமே போகலை. துடைக்க வந்தப்ப நான்தான் தள்ளிவிட்டேன்னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டா வேலை போகாதுன்னாங்க. நீ அப்ப நாலாவது படிச்சிட்டிருந்தே. போட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. வேலை போகலை.” அம்மா காலை எடுத்துத் துண்டால் துடைத்தாள். விரல் இடுக்கெல்லாம் துடைத்தாள். “அந்த மாடியில எது உடைஞ்சாலும் முதல்ல என்னத்தான் கூப்பிடுவாங்க. இன்னிக்கு வரைக்கும். போன மாசம் ஒரு கண்ணாடி டம்ளர். டாக்டரம்மா கைதவறிப் போட்டது. என்னைத் தேடித்தான் ஆள் வந்துச்சு.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் சொன்ன புத்தி மகளை எங்கே கொண்டுபோய் விடும் என்று அம்மாவுக்கே அப்போதுதான் புரிந்தது. கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் தள்ளிவிட்டாள்.

“போடாதே” என்றாள் அம்மா. “ஒரு வருஷம் போனாலும் போகட்டும். நீ போடாதே.”

மறுநாள் லேபில் வகுப்புத் தோழன் ‘தாடி’ அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வகுப்பிலேயே சோம்பேறி, ஆனால் மனசு தங்கம். பறவைகள் சரணாலயத்துக்கு அவன் செய்த பலகைகள் நாற்பத்தெட்டு லேயரோடு போய், சோதனையில் சிரமமே இல்லாமல் தேறிவிட்டன.

“ஒரு ரகசியம் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதே” என்றான். “என் பறவை எதுவுமே நான் வரையலை.”

“அது உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. லேயர் எப்படிடா வந்துச்சு?”

“லேயர் பிரிச்சுக் குடுக்கிறதுக்கும் ஒண்ணு இருக்கு. முழுப் படத்தை உள்ள போடு, தனித்தனியா உரிச்சு, பேரும் வச்சுக் குடுத்துடும். இறகு ஒண்ணு, மூக்கு ஒண்ணு. நீ ஏன் தவிச்சுட்டிருக்கே? உன் படத்தை உள்ள போடு, லேயரை எடு, மேடம் மூஞ்சியில வை. கதை முடிஞ்சது.”

“நான் வரைஞ்சதை நான்தான் வரைஞ்சேன்னு சொல்றதுக்கு மெஷினைப் பொய்ச்சாட்சி சொல்லச் சொல்றே.”

“பொய் என்ன பொய்? படம் உன்னோடதுதானே?”

உண்மைதானே. கையெழுத்தும் வேண்டாம், வருடமும் போகாது, அம்மாவும் அழ வேண்டாம். அவள் விரல் தானாகவே கோப்பைத் தேடியது.

நாலு நிமிஷத்தில் முப்பத்திரண்டு லேயர் வந்து வரிசையாக நின்றது. ஒவ்வொன்றையும் மறைத்தும் காட்டியும் பார்த்தாள். அவசர சிகிச்சைப் படத்துக்கு வந்தாள். மகளையும் அப்பாவையும் அவள் கையை எடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்திருந்தாள். மகளின் தோள் எங்கே முடிகிறது, அப்பாவின் கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடிக்கு. மெஷின் இரண்டு பேரையும் வெட்டியிருந்தது. அப்பாவை மறைத்தால், மகள் வெறுங்காற்றைச் சுமந்துகொண்டு குனிந்து ஓடினாள். மகளை மறைத்தால், அப்பா அந்தரத்தில் தொங்கினார். போதாததற்கு மகளின் ஒரு கை அப்பாவோடு போய்விட்டது.

இதைக் கொண்டுபோய், ‘நான் இப்படித்தான் வரைந்தேன்’ என்று சொல்ல வேண்டும்.

முப்பத்திரண்டையும் தேர்ந்தெடுத்து அழித்தாள்.

“ஏய், லூசு, என்ன பண்றே?”

“அந்த வலைப்பக்கத்தோட முகவரியை எனக்கு அனுப்பு.”

“இப்பத்தானே அழிச்சே? மறுபடி எதுக்கு?” தாடியின் முகம் வெளுத்தது. “என்னை மாட்டிவிட்டுடாதே, தாயே.”

“உன் பேரு என் வாயில வராது. உன் மெஷின் வரும்.”

வெள்ளிக்கிழமை காலை மேடத்தின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேடம், எழுதிக்கொள்ள ஒரு விரிவுரையாளர், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர். அவர் ஒரு பெரிய அச்சகத்தில் டிசைன் பிரிவை நடத்துகிறவர். முழங்கைவரை சுருட்டிய சட்டைக்கை, யாரையும் பாராத முகம். மேசைமேல் அவள் திருப்பி வைத்த, கையெழுத்து இல்லாத அதே கடிதம்.

“லேயர் கொண்டு வந்தியா?” என்றார் மேடம்.

“இல்ல மேடம். கையெழுத்தும் போட மாட்டேன். ஒரு அஞ்சு நிமிஷம் உங்க கம்ப்யூட்டரைக் குடுங்க.”

மேடம் எக்ஸாமினரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார்.

மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் ஃபிரேம் போட்ட ஒரு போஸ்டர் மாட்டியிருந்தது. மேடம் கல்யாணத்துக்கு முன்னால், தூரிகையும் மையுமாக வரைந்து பரிசு வாங்கிய குதிரை. அவள் அதைப் போனில் படம் பிடித்தாள். கணினியில் ஏற்றினாள். காத்திருந்தாள். எழுதிக்கொள்ள வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரையில் ஒவ்வொன்றாக வந்தன: பிடரி, வால், நாலு கால்கள், குளம்புக்கடியில் தூசி.

“ஐம்பத்தோரு லேயர் மேடம். உங்க குதிரை.”

மேடம் எழுந்தே விட்டார். “நான் இதை ஒரே தாள்ல வரைஞ்சேன். ஒரே இருப்புல.”

“எனக்குத் தெரியும் மேடம். ஆனா உங்க சட்டப்படி, ஃபிரேமுக்குள்ள இருக்கிறது மெஷின் பண்ணது. இந்தத் திரையில இருக்கிறதுதான் நீங்க பண்ணது.” அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். “என் படத்தையும் இப்படி உரிச்சுக் கொண்டு வந்திருக்கலாம். நேத்தே கையில இருந்துச்சு. கொண்டு வந்திருந்தா நீங்க கடிதத்தைக் கிழிச்சிருப்பீங்க. நான் பொய் சொன்னா பாஸ், உண்மை சொன்னா திருடி. இப்படி ஒரு சட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

மேடம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சட்டம் செல்லாது, ஒத்துக்கிறேன்” என்றார் எக்ஸாமினர், முதல் முறையாக வாயைத் திறந்து. “அதனால நீ வரைஞ்சேன்னு ஆயிடுமா?”

“ஆகாது சார். கேளுங்க. எந்தக் கோட்டைப் பத்தி வேணும்னாலும் கேளுங்க.”

அவர் படங்களை மேசையில் பரப்பினார். ஒன்றின்மேல் விரலை வைத்தார். “கண்ணு தெரியாதவர் தோளைப் பிடிச்சு நடக்கிறார். முன்னாடி போறவரை ஏன் குள்ளமா வரைஞ்சே? பெரியவங்கதானே கூட்டிட்டுப் போவாங்க?”

“கண் ஆபரேஷனுக்கு வர்றவங்களுக்கு வயசாயிருக்கும் சார். மகனும் மகளும் வேலைக்குப் போயிருப்பாங்க. கூட வர்றது பெரும்பாலும் பேரப்பிள்ளைதான். ஆறு வாரம் எண்ணினேன்.”

“பிரசவத்துக்கு வயித்துல கை வைக்காம இடுப்புல ஏன்?”

“வயித்துல கை வைக்கிறது போட்டோவுக்கு சார். எட்டாம் மாசம் நிக்கிறவங்களுக்கு வலிக்கிறது இடுப்பு. எங்கம்மாவைக் கேளுங்க.”

மேடம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா, கண்ணைத் துடைத்தாரா, தெரியவில்லை. ஆனால் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்ததை எல்லோரும் பார்த்தார்கள். “இனிமே எல்லாருக்கும் இதுதான்” என்றார் விரிவுரையாளரிடம். “லேயர் வேண்டாம். கேள்வி கேட்போம். எழுதிக்கோங்க. மத்தியானத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம், முதல்ல அந்தப் பறவைப் பையனைக் கூப்பிடுங்க.”

கதவுக்கு வெளியே யாரோ நாற்காலியில் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

எக்ஸாமினர் இன்னும் படங்களை விடவில்லை. ஒரு பலகையைத் தூக்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “அம்புக்குறி ரொம்ப மெல்லிசு. பத்தடியில தெரியும். நடைவழி முப்பதடி. ஓடி வர்றவளுக்கு இது தெரியவே தெரியாது. ஆளை நல்லா வரைஞ்சிட்டு வழியைக் கோட்டை விட்டுட்டே. இது உன் தப்பு.”

“ஆமா சார்” என்றாள் அவள். “என் தப்புதான்.”

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக அடக்கி வைத்தது, இப்போது தடுப்பார் இல்லாமல் கொட்டியது. எக்ஸாமினர் பதறிப்போனார். “அட, நூத்துக்கு அறுபத்திரண்டு போடுறேன்மா, ஃபெயில் ஆக்கலை” என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். முகத்தைத் துடைத்தாள். பலகையை அவர் கையிலிருந்து வாங்கி, அம்புக்குறியை உற்றுப் பார்த்தாள்.

“அம்புக்கு மார்க் குறைங்க சார், அது நியாயம். ஆனா முப்பத்தெட்டு குறைச்சிருக்கீங்களே. மீதிக்கு என்ன தப்புன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க” என்றாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி.