மாப்பிள்ளை வீடு இல்லாத கல்யாணம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சம்பூர்ணம் இட்லிக் கடை வைத்திருந்தாள். நாலு பெஞ்சு, ஒரு தகரக் கூரை, காலை ஐந்து மணிக்கு முதல் ஈடு. அவள் வீட்டுக்காரர் செல்லதுரை மாவு அரைக்கிறவர். கிரைண்டர் ஓடும்போது அவர் பேசினால் யாருக்கும் கேட்காது; நின்ற பிறகு அவருக்குப் பேச ஒன்றும் இருக்காது. கடையில் பேச்செல்லாம் சம்பூர்ணத்துடையதுதான்.

அடுப்புக்கு மேலே ஆணியில் ஒரு துணி முடிச்சு தொங்கும். புகை ஏறிக் கறுத்துப்போனதில், ஒரு காலத்தில் அது மஞ்சள் துணி என்று சொன்னால்தான் தெரியும். உள்ளே ஒற்றை ரூபாய்க் காசு. தங்கை மலர்க்கொடிக்கு ஏழு வயதில் அம்மை போட்டபோது நேர்ந்துகொண்டு முடிந்துவைத்தது. தாயில்லாப் பிள்ளை, சம்பூர்ணம்தான் வளர்த்தாள். பதினோரு நாள் வேப்பிலையில் கண் திறக்காமல் கிடந்தவளைப் பார்த்துவிட்டு, அரும்பாவூர்ப் பக்கம் தன் சொந்த ஊரில் இருக்கிற செல்லியம்மனிடம் போய் நின்றாள். "ஆத்தா, இவளை எழுப்பிக் குடு. இவ கல்யாணம் உன் வாசல்லதான்" என்று வாய்விட்டுச் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் மலர்க்கொடி எழுந்து பழைய சோறு கேட்டாள்.

அம்மன் தன் பங்கை முடித்துவிட்டாள். சம்பூர்ணத்தின் பங்குதான் இழுத்துக்கொண்டே போனது. 1997-ல் தொடங்கி மலர்க்கொடியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் அவள் அடுப்படிக்கு வந்து, "வேணாங்க்கா" என்பாள். பிறகு ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். அங்கே பருப்பைத் தரம் பிரிக்கிற லீலாவதியோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். பொங்கலுக்கு இருவரும் சேர்ந்து வருவார்கள். லீலாவதி வந்தால் சும்மா உட்கார மாட்டாள். இட்லித் துணியை அலசுவாள், சட்னிக்குத் தேங்காய் திருகுவாள். சம்பூர்ணத்துக்கு அவளைப் பிடிக்கும்.

2006 மாசியில் மலர்க்கொடி மட்டும் தனியாக பஸ் ஏறி வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்த்தாள்.

"அக்கா, அந்த முடிச்சை அவுத்துடலாம்."

"அட. மாப்ள யாருடி?"

"மாப்ள இல்லக்கா. லீலாதான்."

சம்பூர்ணம் துணி விரிக்காத தட்டில் மாவை ஊற்றினாள். இருபத்தைந்து வருஷத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அந்த ஈடு முழுக்கச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இருபது நாள் தங்கையோடு பேசவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற கவலை இருந்தது. ஆனால் ஊர் சொல்வதைக் காலை ஐந்து மணியிலிருந்து கேட்டுக்கொண்டே இட்லி விற்கிறவளுக்கு அது அவ்வளவு பெரிதில்லை. அவள் பயமெல்லாம் அம்மனிடம்தான். இப்படி ஒரு கல்யாணத்தை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் ஆத்தா கோபிப்பாளா? நிறுத்தாமல் விட்டால், சொன்ன சொல் தவறினதற்காகக் கோபிப்பாளா? எழுப்பிக் கொடுத்தவளுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தெரியுமே.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். பூசாரி வைரக்கண்ணு அவளுக்குச் சித்தப்பா முறை. விஷயத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"பூ வச்சுக் கேட்டுருவோம். வலப்பக்கம் விழுந்தா சரி. இடப்பக்கம் விழுந்தா வேணாம்."

அம்மன் தலையில் ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. பூ வலப்பக்கமும் விழவில்லை, இடப்பக்கமும் விழவில்லை. உச்சந்தலையில் அப்படியே இருந்தது.

"என்ன சித்தப்பா அர்த்தம்?"

"எனக்கும் தெரியல தாயி. நாப்பது வருஷமா வைக்கிறேன், இப்படி ஒக்காந்ததில்ல." பூவை மறுபடி எட்டிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. வேணாம்னா அவ லேசுல விடமாட்டா. நம்ம ஊர்ல வடக்குத் தெருக்காரன் ரெண்டாங் கல்யாணத்துக்கு வந்து நின்னப்ப, பூவை வச்சுக் கையை எடுக்கல, இடப்பக்கம் தூக்கி அடிச்சா. இப்ப தலையில வச்சுக்கிட்டு அழகா ஒக்காந்திருக்கா."

"அப்ப சரிங்கிறீங்களா?"

"கோயில் சாவி என்கிட்ட இருக்கு. தொறந்து வைக்கிறேன். மீதி உன் பாடு, அவ பாடு."

ஒரு வாரம் கழித்து லீலாவதியின் அப்பா அரியமுத்து கடைக்கு வந்தார். கறுப்புச் சட்டை, வெள்ளை வேட்டி, கோயில் பக்கம் தலை வைக்காதவர். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். மூத்தவளுக்குப் பேர் வைத்தது அவர் மனைவி. இளையவளுக்கு முந்திக்கொண்டு தமிழ்மொழி என்று வைத்தது அவர்.

"உக்காருங்கண்ணே. இட்லி வைக்கவா?"

"வைம்மா." இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "மக என்கிட்ட போன வருஷமே சொல்லிட்டா. ஆறு மாசம் அவகூடப் பேசல. வேணாங்கிறதுக்கு ஒரு நல்ல காரணம் தேடுனேன். சாமியை இழுக்காம ஒண்ணும் சிக்கல. இத்தனை வருஷம் சாமி எங்கேன்னு மேடை மேடையா கேட்டுட்டு, இதுக்கு மட்டும் சாமியைக் கூப்புட்டா மரியாதையா இருக்குமா?"

"அப்ப உங்களுக்குச் சம்மதம்."

"கல்யாணத்துக்குச் சம்மதம். கோயிலுக்குத்தான் சம்மதமில்ல."

சம்பூர்ணம் கரண்டியை வைத்துவிட்டாள். "அண்ணே, ரெண்டு பொண்ணுங்க கட்டிக்கிறது உங்களுக்குத் தொந்தரவில்ல, சாமி பார்க்குறதுதான் தொந்தரவு."

"ஆமா."

அடுத்த பெஞ்சில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அமிர்தலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. அவர் பத்திரம் எழுதுகிறவர். கடையில் எல்லாரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு எழுத்துகூட அடித்துத் திருத்தாமல் ஏழு பக்கம் எழுதுவார்.

"கோயில் கிடக்கட்டும். சட்டம் ஒத்துக்கணுமே?"

"ஏன் ஒத்துக்காது?" என்றார் அரியமுத்து. "சுயமரியாதைக் கல்யாணத்துக்கு அறுபத்தேழுல நாங்க வாங்குன சட்டம் இருக்கு. ஏழு ஏ."

"இருக்கு. 'இரண்டு இந்துக்களுக்கு இடையே'ன்னுதான் ஆரம்பிக்குது."

"கேட்டியாம்மா. ரெண்டு இந்து. ஆணு பொண்ணுன்னு சொல்லல."

"கீழே வாங்க. கணவன், மனைவின்னு வருது. அதுக்கு முன்னாடி அஞ்சாம் பிரிவு. மணமகனுக்கு இருபத்தொண்ணு முடிஞ்சிருக்கணும், மணமகளுக்குப் பதினெட்டு."

"ரெண்டுக்கும் முப்பதாகப் போவுது. இருபத்தொண்ணு முடிஞ்சுதா இல்லியா?"

கடையே சிரித்தது. ரைட்டர் சிரிக்கவில்லை, அவர் பொங்கல் இலையில் விரலால் பிரிவுகளை எழுதிக்கொண்டிருந்தார். "எல்லாக் கல்யாணத்தையும் பதியணும்னு இப்ப சுப்ரீம் கோர்ட்டு வேற சொல்லியிருக்கு. எல்லாம்னா எதெல்லாம்னு கேக்கலாம். கேட்டா திருப்பி அனுப்புவாங்க. இப்படிச் சேர்றதே குத்தம்னு வெள்ளைக்காரன் காலத்துப் பிரிவு ஒண்ணு இருக்கு, அதை எடுக்கணும்னு டெல்லியில கேஸ் நடக்குது. நாடே முடிவு பண்ணல, நம்ம ஆபீஸ் கிளார்க் என்ன பண்ணுவாரு?"

"மாவட்டத்தை ரெண்டாப் பிரிச்சாங்க, மறுவருஷமே சேர்த்தாங்க. அதுக்கெல்லாம் கையெழுத்துப் போட ஆள் இருக்குல்ல?" என்றார் அரியமுத்து.

"அண்ணே, ஒரு சந்தேகம். ஏழு ஏ-ன்னா நீங்க இந்துன்னு ஒத்துக்கணும். ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார் ரைட்டர்.

அரியமுத்து நாலாவது இட்லியை எடுத்தார். "சட்டத்துக்கு மட்டும்" என்றார்.

சம்பூர்ணம் அவர் இலையில் சாம்பாரை ஊற்றினாள். "சட்டத்துக்காக இந்துவா ஆகுறவரு, எனக்காகக் கோயில் வாசல் வரைக்கும் வரக்கூடாதா? உள்ளே வர வேணாம். வேப்பமரத்தடியில நில்லுங்க. எம் புள்ளை உசுரு பொழைச்ச எடம் அது."

அவர் கை கழுவப் போனார். திரும்பி வந்து, "மரம் வரைக்கும்" என்றார்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தரைக்கு மேல் ராகு காலம்.

இதற்குப் பிறகு நடந்தது சம்பூர்ணத்தின் தப்புதான். அவள் தங்கைக்குக் கல்யாணம். அதனால் அவள் பெண் வீட்டுக்காரி. அதில் அவளுக்கு ஒரு நிமிஷமும் சந்தேகம் வந்ததில்லை. பெண் வீட்டாரின் வேதனை அவளுக்குப் பழக்கம். செல்லதுரையைக் கட்டிய அன்று மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பாயசம் வரத் தாமதமாகிவிட்டது என்று முதல் பந்தி மொத்தமும் எழுந்துவிட்டது. அவள் அப்பா ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கெஞ்சி உட்கார வைத்தார். அந்தக் குறை தன்னால் வரக்கூடாது என்று இருபத்தொரு சீர்த்தட்டு தயார் பண்ணினாள். மாப்பிள்ளை வீட்டார் எதிரே வந்து, சந்தனம் கொடுத்து, தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே அழைத்துப் போவார்கள். அதுவரை பெண் வீட்டார் வாசலில் நிற்க வேண்டும். வழக்கம் அது. நின்றாள்.

ஊரில் பாதிப் பேர் வரவில்லை. வந்த பாதி, என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தது. அவள் இரண்டு பாதிக்கும் சேர்த்துத்தான் ஆக்கியிருந்தாள்.

ஒன்பதரை ஆனது. அழைக்க யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. தட்டில் வாழைப்பழம் கறுக்கத் தொடங்கியது. இருபத்தொரு தட்டையும் மறுபடி எண்ணினாள். ஏதோ குறை வைத்துவிட்டோம், அவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். இல்லாவிட்டால், பூவை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இன்றைக்குத்தான் பதில் சொல்கிறாளோ?

நாகசுரக்காரர் வந்து கேட்டார்: "எந்தப் பக்கம்மா மாப்ள வூடு? எதிர்ல போயி வாசிக்கணும்ல."

"வருவாங்க. லீலா ஊட்டுக்காரங்க."

"அவுங்க எட்டரைக்கே வந்து அங்க நிக்கிறாங்களே."

சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் அரியமுத்து, அவர் மனைவி, தமிழ்மொழி, பின்னால் முப்பது பேர். பலர் கையில் சீர்த்தட்டு. அரியமுத்துவின் கறுப்புச் சட்டை முதுகில் நனைந்திருந்தது. அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தட்டை ஏந்தியபடியே சம்பூர்ணம் மரத்தடிக்கு நடந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் லீலாவதியின் அம்மா பதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏதும் கோபமாங்க? ஒரு மணி நேரமா நிக்கிறோம், யாரும் அழைக்கலியே. சீரு பத்தலீங்களா? இருபத்தொண்ணு வச்சிருக்கோம். பொண்ணு வூடுன்னா என்னென்ன செய்யணுமோ அத்தனையும் செஞ்சிருக்கேன்."

சம்பூர்ணம் அந்தம்மாவின் தட்டைப் பார்த்தாள். தன் தட்டைப் பார்த்தாள். இரண்டிலும் அதே மஞ்சள், அதே தேங்காய், அதே கறுக்கத் தொடங்கிய பழம். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தட்டு ஆடி ஒரு எலுமிச்சை உருண்டு ஓடியது.

"அடக் கடவுளே. நானும் பொண்ணு வூடு தாங்க. உங்களை மாப்ள வூடுன்னு நெனச்சு அங்க வாசல்ல நடுங்கிக்கிட்டு நிக்கிறேன்."

"அப்ப மாப்ள வூடு யாரு?" என்றாள் தமிழ்மொழி.

"யாரும் இல்ல" என்றார் அரியமுத்து. சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. "யாருமே இல்லம்மா. முறைச்சுக்க ஒருத்தனும் இல்ல."

சிரிப்பு மரத்தடியிலிருந்து வாசல் வரைக்கும் போனது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சிரித்தார்கள். சம்பூர்ணம் தன் தட்டை லீலாவதியின் அம்மா கையில் கொடுத்தாள். அந்தம்மா தன்னுடையதை இவள் கையில் கொடுத்தாள். நாற்பத்திரண்டு தட்டும் அப்படிக் கை மாறின. நாகசுரக்காரர் நடுவில் நின்று, யாருக்கு எதிர் என்று பார்க்காமல் வாசித்தார்.

"வாங்க சம்மந்தி, பத்தாகப் போவுது" என்று உள்ளிருந்து வைரக்கண்ணு கூப்பிட்டார். யாரைச் சொல்கிறார் என்று கேட்காமல் எல்லாரும் போனார்கள். அரியமுத்துவும் பேச்சு சுவாரசியத்தில் வாசற்படியைத் தாண்டிவிட்டார். ஐந்தாறு அடி வந்த பிறகு நின்று கீழே பார்த்தார். "வந்தது வந்தாச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு தாலி. மலர்க்கொடி லீலாவதிக்கு இரண்டு முடிச்சுப் போட்டாள். மூன்றாவது நாத்தனார் முடிச்சு, அதைச் சம்பூர்ணம் போட்டாள். லீலாவதி மலர்க்கொடிக்கு இரண்டு போட்டாள்; மூன்றாவதைத் தமிழ்மொழி போட்டாள். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்திருந்த மலர்க்கொடியின் விரல்கள் அன்று மருதாணியில் சிவந்திருந்தன. சம்பூர்ணம் மடியிலிருந்து அந்தக் கறுத்த துணியை எடுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷ முடிச்சு, நகத்துக்கு அசையவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்து, காசை உண்டியலில் போட்டாள். அம்மன் தலையில் அன்று செம்பருத்தி ஒன்றல்ல, ஒரு மாலையே இருந்தது. எதுவும் எந்தப் பக்கமும் விழவில்லை.

ரைட்டர் அங்கேயே பதிவுப் பாரத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். அடுத்த மாதம் அது திரும்பி வந்தது. 'மணமகன் விவரம் நிரப்பப்படவில்லை' என்று குறிப்பு. "பாருங்க, கூடாதுன்னு எழுதல. நிரப்பலைன்னுதான் எழுதியிருக்கான்" என்று அரியமுத்து இட்லிக் கடையில் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். மறுவருஷம் ஆவணியில் ரைட்டர் புதுப் பாரம் எழுதினார், கூலி வாங்காமல். அதுவும் திரும்பி வந்தது. பழைய முடிச்சு தொங்கிய ஆணியில் இரண்டையும் குத்தி வைத்திருக்கிறாள் சம்பூர்ணம். ஆணியில் இன்னும் இடம் இருக்கிறது.

அது பின்னால் நடந்தது. கல்யாணத்தன்று முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். யாரும் உட்காரவில்லை. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. இரண்டு வீட்டாரும், "நீங்க உக்காருங்க", "ஐயோ, நீங்க உக்காருங்க" என்று வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது கிரைண்டர் இல்லாத அந்த இடத்தில் செல்லதுரை வாய் திறந்தார்.

"ரெண்டு பொண்ணு வூட்டுப் பொம்பளைங்களும் உக்காருங்க. நாங்க போடுறோம்."

தன் வாழ்நாளில் சம்பூர்ணம் உட்கார்ந்த முதல் பந்தி அது. ஒரு பக்கம் லீலாவதியின் அம்மா, மறுபக்கம் தமிழ்மொழி. கூட்டு வந்தது, பொரியல் வந்தது, அப்பளம் வந்தது. பாயச வாளியோடு செல்லதுரை வரிசையின் அந்தக் கோடியிலிருந்து மெல்ல மெல்ல வந்தார். அவள் இலைக்கு வந்தபோது நின்றார்.

"லேட்டாயிடுச்சா?"

"ரொம்ப லேட்டு" என்றாள் சம்பூர்ணம். "எந்திரிக்கட்டுமா?"

அவர் இரண்டு கரண்டி ஊற்றினார்.