பாஞ்சாலி பஸ் கொண்டுவந்த கதை

1991-இல் வடக்குப்பட்டில் பஸ் கேட்காத வாய் கிடையாது. மனு எழுதத் தெரிந்த கை மட்டும் ஒன்றுதான் இருந்தது. தையல்காரி பாஞ்சாலியின் கை அது. மகளிர் மன்றத் தலைவியும் அவள்தான். பஸ் ஏற ஒரகடம் கூட்டுரோடு வரை மூன்று மைல் நடக்கவேண்டும். அதனாலேயே எட்டாம் வகுப்போடு பெண்பிள்ளைகள் படிப்புக்கு முழுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மனு போட்டும் பதில் இல்லை. "இந்தத் தபா கலெக்டர் ஆபீஸுக்கு நேர்ல போலாம், நீதான் முன்னாடி நிக்கணும்" என்று ஊர் கூடிச் சொன்னபோது பாஞ்சாலிக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு சாயங்காலம், அவள் அண்ணா என்றழைக்கும் நடேசன் வந்து, மென்று விழுங்கிச் சொன்னார்.

"நாளைக்கு அந்த இரும்பு பூட்ஸ வூட்லயே வுட்டுட்டு வாம்மா. கைய ஊணி தவழ்ந்துகினு வந்தா அதிகாரி மனசு எளகும்னு ஊர்ல சொல்றாங்க."

இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிய வலது காலுக்கு, இருபுறமும் கம்பி வைத்த அந்த பூட்ஸ் பதினாறு வயதில்தான் கிடைத்தது. அதை மாட்டி எழுந்து நின்ற அன்றுதான் அடுத்தவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டு விரட்டியிருப்பாள். சொன்னது நடேசனாயிற்றே. பத்தாவது முடியும்வரை அவளை கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கு சைக்கிள் மிதித்தவர், சேற்றில் சைக்கிள் சிக்கினால் தோளில் தூக்கியவர். அவருக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று அவள் நினைக்காத நாளில்லை. முதன்முறையாக ஒன்று கேட்டு வந்திருக்கிறார், கேட்டதோ இது. பூட்ஸோடு போய் பஸ் கிடைக்காவிட்டால் ஊரே அதைத்தான் பழிக்கும்.

"பாக்கலாம்ணா" என்றாள்.

காலையில் பூட்ஸோடுதான் வந்தாள். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த தோல் பளபளத்தது. ஊர்த் தலைவராக இருந்த தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "காரியத்தையே கெடுத்துட்டியே." நடேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் அவளுக்கு வலித்தது.

காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுநாள் கூட்டம் நெரிந்தது. டக் டக்கென்று வந்த சத்தத்தைக் கேட்டு வரிசையே திரும்பிப் பார்த்தது. அதிகாரியும் அவள் நீட்டிய மனுவை விட்டுவிட்டு அவள் காலைத்தான் பார்த்தார்.

"உட்காரும்மா. உதவித்தொகையா, மூணு சக்கர வண்டியா?"

பாஞ்சாலி உட்காரவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். ஊருக்காக வந்துகீறேன். பதினாலு பொண்ணுங்க படிப்ப வுட்டுட்டு வூட்ல கீறாங்க. அவங்க பேரு, வயசு எல்லாம் இதுல கீது. மின்ன போட்ட மூணு மனுவோட தேதியும் எழுதிகீறேன். என் காலுக்கு பூட்ஸ் கீது சார். நல்ல காலு கீற பொண்ணுங்களுக்குத்தான் போக வழியில்ல."

அதிகாரி இப்போது மனுவைப் படித்தார். நிதானமாக, இரண்டு பக்கமும். பிறகு பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே நடேசன் முந்திக்கொண்டார்.

"எங்க தலைவி சொன்னதுதாங்க."

பாஞ்சாலிக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் வராவிட்டாலும் இது போதும் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது.

ஆனால் பஸ் வந்தது. ஆவணியில், மாலையும் சந்தனமுமாக. பதினாலில் பதினொரு பெண்கள் மறுபடி பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். அவர்களை ஏற்றிவிட்டுப் பாஞ்சாலி படிக்கட்டருகே வந்தபோது, பழக்கதோஷத்தில் நடேசன் அவளைத் தூக்கக் குனிந்துவிட்டார். பாஞ்சாலி சிரித்துக்கொண்டே தன் பையை அவர் கையில் கொடுத்தாள்.

"இத்தப் புடிண்ணா. அன்னிக்கு நீ தூக்கினதாலதான் இன்னிக்கு நானே ஏர்றேன்."

கம்பியைப் பிடித்து, பூட்ஸ் காலை இழுத்து வைத்து அவளே ஏறினாள். பின்னாலேயே ஏறிய நடேசன், ஒரகடம் வரும்வரை அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை.