ஏரி வற்றிய கோடை

தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியை. ஆதிகால ஆறுகளில் கால் முளைத்த மீன்களைப் பற்றி உற்சாகமாகப் பாடம் நடத்துவேன். அவற்றோடு வாழ்ந்த கவசத்தோல் மீன்களையும் கரையோரப் பெரணி மரங்களையும் ஒரே வரியில் கடந்துவிடுவேன்.

தொண்ணூறுகளில் மழை பொய்த்த ஒரு கோடையில் எங்கள் சிட்லபாக்கம் ஏரி வற்றியது. எதிர்வீட்டு மேரி அக்காவும் நானும் பார்க்கப் போனோம். பனையேறிக் கெண்டைகள் செவுளை ஊன்றி ஊன்றிச் சேற்றிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தன.

"ஆதிகாலத்துலயும் இப்படித்தான்க்கா கரையேறிச்சுங்க" என்றேன்.

"இதுங்க போயிடும் டீச்சர். மத்ததுங்க என்ன பண்ணும்?"

சுருண்டு கிடந்த அல்லி இலைகளுக்கு நடுவே ஜிலேபி மீன்கள் வாயைப் பிளந்து துடித்தன. ஓடிப்போய் வாளி கொண்டுவந்து, முடிந்தவரை அள்ளி, லாரித் தண்ணீர் பிடித்துவைத்த எங்கள் தொட்டியில் விட்டோம். லாரித் தண்ணீரின் குளோரினோ என்னவோ, மாலைக்குள் எல்லாம் செத்து மிதந்தன. அக்கா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டார்.

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது, தார்ச்சாலையில் அந்தப் பனையேறிகளும் காய்ந்து கிடந்தன. ஏரியை விட்டு அவ்வளவு தூரம் வந்திருந்தன. கரையேறியதெல்லாம் பிழைத்துவிடும் என்று நம்பியிருந்தேன். கரையேறினால் மட்டும் போதாது; எதிரே இன்னொரு நீர்நிலையும் இருந்திருக்க வேண்டும்.